மாற்றிய அறிவிப்பு மாணவர் கைப்பேசியில் ஏன் மாறவில்லை?

கேள்வி சுருக்கமாக: “ராமநாதபுரம் கடற்கரையோரக் கல்லூரி ஒன்றில் வரலாற்றுத் துறை உதவிப் பேராசிரியர் நான். முன்பு வெப்சைட்டைப் பார்த்துக்கொண்டவர் வேலையை விட்டுப் போய்விட்டதால் பிரின்சிபால் அந்தப் பொறுப்பை என்னிடம் கொடுத்துவிட்டார். தளம் வேர்ட்பிரஸ் என்ற தள மென்பொருளில் ஓடுகிறது. மாற்றம் செய்து அப்டேட் கொடுத்தால் எனக்குப் புதியது தெரிகிறது, பிள்ளைகளுக்குப் பழையதே தெரிகிறது. சில பக்கங்கள் சேமிக்கவே மறுக்கின்றன. பதில் சரியான ஜேசன் இல்லை என்று ஒரு சிவப்பு வரி வருகிறது. ஆபீஸில் தரும் தமிழ்ச் சுற்றறிக்கையை ஒட்டினால் கிறுக்கலாகிறது. பிடிஎஃப் ஏற மாட்டேன் என்கிறது. போதாததற்கு, கூகுளில் கல்லூரிப் பெயரைத் தேடினால் சூதாட்ட விளம்பரம் வருகிறது. எதைத் தொட்டால் எது உடையுமோ என்று பயமாக இருக்கிறது. எங்கிருந்து தொடங்குவது?”

வணக்கம் மேடம். இதே கடற்கரையில் ஓர் உயர்கல்வி நிறுவனத்தின் தளத்தைப் பல வருடம் பார்த்துக்கொண்டவன் நான். நீங்கள் எழுதிய ஒவ்வொன்றும் எனக்கும் நடந்திருக்கிறது. தனித்தனியாக மருந்து தேடினால் அலுத்துப்போவீர்கள். ஒரு பழக்கம் வந்துவிட்டால் போதும்: நீங்கள் செய்த மாற்றம் உங்கள் விரலிலிருந்து கிளம்பி மாணவர் கண்ணுக்குப் போகிற வழியில் எங்கே நின்றுபோனது என்று கேட்பது. நீங்கள் எழுதுகிற எடிட்டர் திரை, தளம் குடியிருக்கும் கம்ப்யூட்டரான சர்வரின் வாசல், எழுத்தைச் சேமித்துவைக்கும் டேட்டாபேஸ், வேகத்துக்காக எடுத்துவைக்கும் பிரதியான கேஷ், கைப்பேசி, இவ்வளவுதான் வழி. நின்ற இடம் தெரியாமல் தீம் என்கிற தோற்ற அமைப்பை மாற்றுவதும் பிளக்இன் என்கிற துணை மென்பொருளைக் கூட்டுவதும், தண்ணீர் எந்த மூட்டில் கசிகிறது என்று பார்க்காமல் வள்ளம் முழுக்கத் தார் பூசுகிற வேலை.

ஆனால் நீங்கள் கடைசியாகச் சொன்ன சூதாட்ட விளம்பரத்தைத்தான் முதலில் கவனிக்க வேண்டும். மற்றவை எரிச்சல், இது ஆபத்து. உங்கள் தளத்துக்குள் யாரோ நுழைந்திருக்கிறார்கள். ஏசி.இன் என்று முடிகிற முகவரியை எர்னெட் இந்தியா என்ற அமைப்பு கல்வி நிறுவனங்களுக்கு மட்டுமே கொடுக்கிறது. சூதாட்டக்காரர்களால் அதை விலைக்கு வாங்க முடியாது. அதனால் ஏற்கெனவே இருக்கிற கல்லூரித் தளத்துக்குள் புகுந்து, அதன் பெயருக்குக் கீழே தங்கள் பக்கங்களை ஒளித்துவைக்கிறார்கள். நீங்கள் தளத்தைத் திறந்து பார்த்தால் ஒன்றும் தெரியாது. கூகுளின் ரோபோ வந்து படிக்கும்போது மட்டும் அந்தப் பக்கம் தெரியும்படி செய்திருப்பார்கள். தளம் நடத்துகிறவர்களுக்குக் கூகுள் தருகிற சர்ச் கன்சோலில் அந்த முகவரியைக் கொடுத்துச் சோதித்தால் கூகுள் கண்ணுக்கு என்ன தெரிகிறது என்பது வெளிவரும்.

அந்தப் பக்கத்தை மட்டும் அழித்தால் ஒரு வாரத்தில் திரும்ப வரும். நுழைந்தவர்கள் திரும்பி வர ஒரு கொல்லைப்புறக் கதவை வைத்துவிட்டுத்தான் போவார்கள். நான் சுத்தம் செய்த ஒரு தளத்தில் படங்களைப் போடுகிற அப்லோட்ஸ் ஃபோல்டரில், விளையாட்டு விழாப் புகைப்படங்களுக்கு நடுவில், சர்வரில் கட்டளைகளை ஓட்டக்கூடிய ஒரு பிஹெச்பி கோப்பு உட்கார்ந்திருந்தது. படங்கள் இருக்க வேண்டிய இடத்தில் பிஹெச்பி கோப்புக்கு வேலையே இல்லை. ஆகவே அந்த ஃபோல்டரை முழுக்கப் பாருங்கள். பயனர் பட்டியலில் உங்களுக்குத் தெரியாத அட்மின் இருக்கிறாரா என்று பாருங்கள். வேர்ட்பிரஸின் மூலக் கோப்புகளையும் பிளக்இன்களையும் தீம் கோப்புகளையும் அவற்றின் அசல் இடத்திலிருந்து புதிதாக இறக்கிப் போடச் சொல்லுங்கள். காசு கொடுத்து வாங்க வேண்டிய தீம் ஒன்றை யாராவது ‘ஃப்ரீயா கிடைச்சுது’ என்று போட்டிருந்தால், பெரும்பாலும் திருடன் வந்த வழி அதுவாகத்தான் இருக்கும். பிறகு ஹோஸ்டிங் (தளத்துக்கு வாடகைக்கு எடுத்த சர்வர் இடம்), எஃப்டிபி (அங்கே கோப்பு ஏற்றும் வழி), டேட்டாபேஸ், அட்மின் என்று எல்லாப் பாஸ்வேர்டையும் ஒரே நாளில் மாற்றுங்கள். வேர்ட்பிரஸின் அமைப்பு விவரம் இருக்கும் கான்ஃபிக் கோப்பில் இருக்கிற ரகசியச் சாவி வரிகளையும் புதுப்பித்தால், ஏற்கெனவே லாக்இன் ஆகி உள்ளே இருக்கிறவர்கள் எல்லாரும் தானாக வெளியே தள்ளப்படுவார்கள்.

இதைப் பிரின்சிபாலிடம் எழுத்தில் சொல்லுங்கள், வாய்மொழி போதாது. 2022 ஏப்ரல் 28 அன்று, இணையப் பாதுகாப்பைப் பார்த்துக்கொள்ளும் மத்திய அரசு அமைப்பான செர்ட்-இன் வெளியிட்ட உத்தரவுப்படி, இப்படிப்பட்ட ஊடுருவல்களைத் தெரிந்த 6 மணி நேரத்துக்குள் அவர்களுக்குத் தெரிவிக்க வேண்டும்; சர்வர் பதிவுகளை 180 நாள் வைத்திருக்க வேண்டும். சுத்தம் செய்கிற அவசரத்தில் அந்தப் பதிவுகளை அழித்துவிடாதீர்கள். எந்த வழியாக வந்தார்கள் என்பதற்கு அவைதான் சாட்சி.

சாவிக்கொத்து யாரிடம் இருக்கிறது என்பது அடுத்த கேள்வி. வேர்ட்பிரஸ் செட்டிங்ஸில் ‘ஜெனரல்’ பகுதியைத் திறந்து, அட்மின் மின்னஞ்சல் யாருடையது என்று பாருங்கள். வேலையை விட்டுப் போனவருடைய சொந்த முகவரியாக இருந்தால் ஆச்சரியப்பட மாட்டேன். 2019இல் வந்த 5.2 பதிப்பிலிருந்து, ஏதாவது பிளக்இன் உடைந்து தளம் விழுந்தால் வேர்ட்பிரஸ் தானே ஒரு மீட்பு லிங்க்கை அட்மின் மின்னஞ்சலுக்கு அனுப்புகிறது. தளம் விழுந்து கிடக்கும், நீங்கள் கையைப் பிசைந்துகொண்டிருப்பீர்கள், லிங்க் அவருடைய இன்பாக்ஸில் போய்க் கிடக்கும். மாற்றுவது சுலபம்: உறுதிப்படுத்தும் மடல் புதிய முகவரிக்குத்தான் வரும், பழையவரைத் தேடிப் போக வேண்டியதில்லை. அதை உங்கள் சொந்த முகவரியாகவும் போடாதீர்கள். கல்லூரியின் பெயரில் ஒரு பொது முகவரி போடுங்கள். நாளைக்கு நீங்களும் மாற்றலாகிப் போவீர்கள். டொமைன் (தளத்தின் முகவரிப் பெயர்) பதிவும் ஹோஸ்டிங் கணக்கும் யார் பெயரில் இருக்கின்றன, எந்தத் தேதியில் புதுப்பிக்க வேண்டும் என்பதை ஒரு தாளில் எழுதி ஆபீஸ் பீரோவில் வைக்கச் சொல்லுங்கள். டொமைனைப் புதுப்பிக்கச் சொல்லும் மடல் யாரும் திறக்காத இன்பாக்ஸுக்குப் போய், தளமே காணாமல் போனதை நான் பார்த்திருக்கிறேன்.

இனி, உங்களுக்குத் தெரிவது பிள்ளைகளுக்குத் தெரியாத விஷயம். இதை விரிவாகச் சொல்ல ஒரு காரணம் உண்டு.

ஒரு கார்த்திகை மாதம், விடாத மழை. மறுநாள் தேர்வை ஒத்திவைத்துச் சுற்றறிக்கை வந்தது. இரவு 8 மணிக்கு நானே பழைய பிடிஎஃப் இருந்த இடத்தில், அதே பெயரில், புதிய பிடிஎஃப்பை ஏற்றினேன். திறந்து பார்த்தேன், புதிய தேதி இருந்தது. நிம்மதியாகத் தூங்கினேன். காலை ஒன்பதேகால் மணிக்கு வராண்டாவில் ஒரு பெண் நனைந்துபோய் நின்றாள். பாம்பனிலிருந்து பஸ் பிடித்து 40 கிலோமீட்டருக்கு மேல் வந்திருந்தாள். “சார், நைட்டு பத்து மணிக்குக்கூட பாத்தேன். இன்னைக்குன்னுதான் போட்டிருந்துச்சு” என்று கைப்பேசியை நீட்டினாள். அவள் சொன்னது உண்மை. அவளுடைய திரையில் பழைய பிடிஎஃப்தான் இருந்தது. என் திரையில் புதியது இருந்தது. இரண்டு பேரும் பார்த்தது ஒரே முகவரி.

நடந்தது இதுதான். படம், பிடிஎஃப் போன்ற கோப்புகளை ஒரு தடவை இறக்கிய கைப்பேசி அதையே கொஞ்ச நேரம் கையில் வைத்துக்கொள்ளும், ஒவ்வொரு தடவையும் சர்வரைக் கேட்காது. நடுவில் நின்று தளத்தை வேகமாகத் தருகிற க்ளவுட்ஃப்ளேர் போன்ற சேவை இருந்தால் அதுவும் ஒரு பிரதி வைத்திருக்கும். இயல்பு நிலையில் அது பக்கத்தின் எழுத்தைச் சேமிப்பதில்லை, பிடிஎஃப்பையும் படத்தையும் சேமிக்கும். பெயர் மாறாதவரை, உள்ளே இருக்கிற தேதி மாறியது அவற்றுக்குத் தெரிய வழியில்லை. இதற்கு மேல் வேர்ட்பிரஸின் கேஷ் பிளக்இன் வேறு. லாக்இன் செய்தவர்களுக்கு அது பொதுவாகக் கேஷைக் காட்டாமல், பக்கத்தை ஒவ்வொரு முறையும் புதிதாகச் செய்து காட்டும். நீங்கள் லாக்இன்னில் இருக்கிறீர்கள், பிள்ளைகள் இல்லை. உங்களுக்கு மட்டும் புதியது தெரிவதன் ரகசியம் அநேகமாக இதுதான்.

சோதிக்கும் முறை எளிது. லாக்இன் இல்லாத தனி விண்டோவில், முடிந்தால் வைஃபையை அணைத்துவிட்டு மொபைல் டேட்டாவில், பக்கத்தைத் திறங்கள். பழையது வந்தால், முகவரியின் கடைசியில் ஒரு கேள்விக்குறி போட்டு 12345 என்று ஏதாவது எண்ணைச் சேர்த்துத் திறங்கள். இப்போது புதியது வந்தால் மாற்றம் டேட்டாபேஸுக்குப் போய்விட்டது, கேஷில்தான் நிற்கிறது. கேஷ் பிளக்இன்னில் ‘பர்ஜ்’ கொடுத்துப் பழைய பிரதியை அழியுங்கள், நடுவில் சேவை இருந்தால் அங்கேயும் கொடுங்கள். இப்போதும் பழையதே வந்தால் கேஷைத் திட்ட வேண்டாம். பெரும்பாலும் அதே தலைப்பில் இரண்டு பக்கங்கள் இருக்கும். மெனுவில் தொங்குவது ஒன்று, நீங்கள் திருத்தியது இன்னொன்று. பலர் மாறி மாறிப் பார்த்த தளங்களில் இது சர்வசாதாரணம்.

அந்தப் பெண்ணுக்குப் பிறகு நான் இரண்டு வழக்கம் வைத்துக்கொண்டேன். தேர்வு, விடுமுறை, கட்டணம் போன்ற அவசர அறிவிப்பைப் பிடிஎஃப்பாக மட்டும் போடுவதே இல்லை. ஒரே நிரந்தரப் பக்கம், அதில் எழுத்தாகவே விஷயம், மேலே பெரிதாக ‘இன்று இரவு 8.10க்கு மாற்றப்பட்டது’ என்று நேரம். கையெழுத்துப் போட்ட பிடிஎஃப் அதற்குக் கீழே. பிடிஎஃப்பை மாற்ற நேர்ந்தால் புதிய பெயரில் ஏற்றி லிங்க்கை மாற்றுவேன், ஒருபோதும் அதே பெயரில் மேலெழுத மாட்டேன். வாட்ஸ்அப்பில் பிடிஎஃப்பை ஒருவருக்கொருவர் அனுப்பும்போது எது பழையது எது புதியது என்று யாருக்கும் தெரியாமல் போகிற குழப்பமும் இதில் குறையும், ஏனென்றால் கோப்பின் பெயரிலேயே தேதி இருக்கும். முகப்பில் வலமிருந்து இடமாக ஓடுகிற எழுத்தில் அவசர அறிவிப்பைப் போடும் பழக்கத்தை விட்டுவிடச் சொல்வேன். ஆடுகிற பஸ்ஸில், சின்னத் திரையில், ஓடுகிற எழுத்தை விரலால் பிடித்துத் தட்டுவது பெரிய பாடு.

இதோடு ஒட்டிய இன்னொன்று: செட்டிங்ஸில் நேர மண்டலம் கொல்கத்தா என்று இருக்கிறதா பாருங்கள். கைபடாமல் விட்ட தளத்தில் அது யூடிசி என்ற உலகப் பொது நேரத்தில் இருக்கலாம். காலை 6 மணிக்கு வெளிவர வேண்டும் என்று நீங்கள் குறித்துவைத்த அறிவிப்பு அப்போது பதினொன்றரைக்கு வரும். அதோடு, வேர்ட்பிரஸின் உள்கடிகாரம் யாராவது தளத்துக்கு வந்தால்தான் ஓடும். ஆளில்லாத விடியற்காலையில் குறித்த நேரம் தவறலாம். பாம்பனில் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றிய நாட்களில் நான் குறித்துவைத்துவிட்டுப் போவதில்லை. கையால்தான் வெளியிடுவேன்.

அடுத்தது ஜேசன் பிழை. 2018 டிசம்பரில் வந்த 5.0 பதிப்பிலிருந்து வேர்ட்பிரஸில் பிளாக் எடிட்டர் இருக்கிறது. நீங்கள் அப்டேட்டை அழுத்தியதும் அது பக்கத்தை முழுதாகப் புதுப்பிக்காமல், பின்னாலேயே சர்வரோடு பேசிச் சேமித்துக்கொள்கிறது. அந்தப் பேச்சுக்கு ஜேசன் என்ற வடிவத்தில் பதில் வர வேண்டும். வேறு எது வந்தாலும், அது லாக்இன் பக்கமாக இருந்தாலும் சரி, ‘அனுமதி இல்லை’ என்ற அறிவிப்பாக இருந்தாலும் சரி, எடிட்டருக்குப் புரியாது. அந்தச் சிவப்பு வரியைக் காட்டிவிடும். அதாவது உங்கள் மாற்றம் சர்வர் வாசலிலேயே நின்றுவிட்டது.

சிவப்பு வரி வந்ததும் முதல் வேலை, எழுதியதை முழுக்க காப்பி செய்து நோட்பேடில் போடுவது. பக்கத்தை ரிஃப்ரெஷ் செய்துவிட்டு அழுதவர்களை நான் அறிவேன். காலையில் திறந்த டேபை அப்படியே விட்டுவிட்டு, வகுப்பெல்லாம் முடித்து, கரண்ட் போய் வந்து, சாயங்காலம் அப்டேட் கொடுத்திருந்தால் லாக்இன் காலாவதியாகியிருக்கும். இன்னொரு டேபில் லாக்இன் செய்துவிட்டு மறுபடி அழுத்துங்கள். எந்தப் பக்கமும் சேமிக்கவில்லை என்றால் செட்டிங்ஸில் பக்க முகவரிகளுக்கான பெர்மாலிங்க் பகுதிக்குப் போய், எதையும் மாற்றாமல், வெறுமனே சேவ் கொடுங்கள். முகவரி விதிகள் புதிதாக எழுதப்பட்டுப் பல நேரம் சரியாகிவிடும். தளத்தின் முகவரி செட்டிங்ஸில் ஹெச்டிடிபி என்றும் நீங்கள் திறப்பது ஹெச்டிடிபிஎஸ் என்றும் இருந்தாலும் இதே பிழை வரும்.

உங்கள் பிரச்சினை ‘சில பக்கங்கள்’ என்கிறீர்கள். எனக்கு நடந்த ஒன்றைச் சொல்கிறேன். கம்ப்யூட்டர் சயின்ஸ் துறையின் ஒரு பாடத்திட்டப் பக்கம் மட்டும் சேமிக்கவே இல்லை. மற்ற துறைப் பக்கங்கள் எல்லாம் வெண்ணெய் மாதிரிப் போயின. இரண்டு நாள் பிளக்இன்களை ஒவ்வொன்றாக அணைத்துப் பார்த்தேன், பலனில்லை. மூன்றாம் நாள் பக்கத்தைப் பாதியாக வெட்டினேன். மேல்பாதி சேமித்தது, கீழ்ப்பாதி மறுத்தது. கீழ்ப்பாதியை மறுபடி பாதியாக்கினேன். இப்படி ஏழெட்டுத் தடவை வெட்டியதும் ஒரே ஒரு வரியில் வந்து நின்றது. டேட்டாபேஸ் பாடத்தில் எடுத்துக்காட்டாகக் கொடுத்திருந்த, டேட்டாபேஸிடம் தகவல் கேட்கும் ஓர் எஸ்க்யூஎல் கட்டளை, செலக்ட் என்று தொடங்குகிறதே, அது. சர்வரில் மாட்செக்யூரிட்டி என்ற காவல் மென்பொருள் இருந்தது. எடிட்டர் வழியாக யாரோ டேட்டாபேஸைத் திருட வருகிறார்கள் என்று நினைத்து, அது வாசலிலேயே மறித்திருக்கிறது. அதன் வேலையை அது ஒழுங்காகச் செய்திருக்கிறது.

இப்படி இருந்தால், காவலை முழுசாக அணைக்கச் சொல்லாதீர்கள். தளம் ஏற்கெனவே ஒருமுறை திருடு போனது. எத்தனை மணிக்கு எந்தப் பக்கத்தில் மறுத்தது என்று ஹோஸ்டிங்காரர்களுக்கு எழுதினால், அவர்கள் பதிவைப் பார்த்து எந்த விதி எண் மறித்தது என்று கண்டுபிடிப்பார்கள். அந்த ஒரு விதிக்கு மட்டும், எடிட்டர் சேமிக்கிற பாதைக்கு மட்டும் விலக்குக் கேளுங்கள். அதுவரை அந்த வரியை எடுத்துவிட்டு மீதியைச் சேமியுங்கள். வேர்டிலிருந்து ஒட்டிய பக்கங்களிலும், யூடியூப் போன்ற வெளித்தளங்களின் நிரல் துண்டை வைத்த பக்கங்களிலும்கூட இப்படி மறிப்பது உண்டு. பாதிப்பாதியாக வெட்டிப் பார்க்கிற முறை எல்லாவற்றுக்கும் பொருந்தும். பிளக்இன்னில் சந்தேகம் என்றாலும், எல்லாவற்றையும் அணைத்து, பாதியை எழுப்பி, பிறகு அதில் பாதி என்றுதான் போக வேண்டும்.

தளமே வெள்ளையாகிவிட்டாலோ, கடுமையான பிழை என்று வந்தாலோ பதற வேண்டாம். ஹோஸ்டிங்கின் ஃபைல் மேனேஜரில் பிளக்இன்ஸ் ஃபோல்டரின் பெயரை மாற்றினால் எல்லாப் பிளக்இன்னும் ஒரே அடியில் அணைந்துவிடும். தளம் எழுந்தால் குற்றவாளி அங்கேதான் இருக்கிறது. பராமரிப்புக்காகச் சற்று நேரம் மூடியிருக்கிறது என்றே தொடர்ந்து காட்டினால், அப்டேட் நடுவில் அறுந்துபோயிருக்கும். புள்ளியில் தொடங்கும் மெயின்டனன்ஸ் என்ற கோப்பை நீக்கினால் போதும்.

தமிழ் கிறுக்கலாக வருவதற்கு வருவோம். இதில் எடிட்டர்மேல் குற்றமே இல்லை. ஆபீஸில் அடிக்கிறவர் வானவில், பாமினி மாதிரிப் பழைய எழுத்துருவில் அடிக்கிறார். அந்த எழுத்துருக்கள் ஆங்கில எழுத்துக்கு மேலே தமிழ் உருவத்தை மாட்டியவை. பாமினியில் ‘தமிழ்’ என்று அடித்தால் கோப்புக்குள் பதிவாவது ஜே, கே, பி, ஓ, ஓர் அரைப்புள்ளி, இவ்வளவே. அந்த எழுத்துரு இருக்கிற கம்ப்யூட்டரில் அது தமிழாகத் தெரியும். உங்கள் தளத்தில், உள்ளே இருக்கிற ஆங்கில எழுத்தாகவே தெரியும். கூகுளுக்கும் அது ஆங்கிலக் கிறுக்கல்தான், ஆகவே தேடினாலும் கிடைக்காது. எந்தக் கம்ப்யூட்டரிலும் தமிழைத் தமிழாகவே பதிகிற யுனிகோடைத் தமிழ்நாடு அரசு 2010லேயே தரமாக ஏற்று ஆணை போட்டுவிட்டது. ஆனாலும் கை பழகியதை விட மனம் வருவதில்லை. அவரைக் குறை சொல்லாதீர்கள். என்எச்எம் ரைட்டர் என்ற தமிழ்த் தட்டச்சு மென்பொருளைப் போட்டுக் கொடுத்தால் அவர் பழகிய விசையமைப்பிலேயே அடித்து யுனிகோடாக எடுக்கலாம். பழைய கோப்புகளை எழுத்துரு மாற்றி மென்பொருளில் போட்டு யுனிகோடாக்குங்கள், ஆனால் மாற்றிய பிறகு ஒருமுறை முழுக்கப் படியுங்கள். எண்களும் ஆங்கிலச் சொற்களும் கலந்த இடத்தில் மாற்றி தடுமாறும். தேர்வுத் தேதியில் அப்படித் தடுமாறினால் விபரீதம். பிடிஎஃப்பிலிருந்து தமிழைக் காப்பி செய்வதையும் தவிர்த்துவிடுங்கள். கொம்பும் காலும் இடம் மாறி வரும். கண்ணுக்குச் சரியாகத் தெரிகிற ‘கொ’கூட உள்ளே ஒரு குறியா இரண்டு குறியா என்பது மாறிப்போய், தளத்தின் தேடல் கட்டத்தில் அகப்படாமல் போகும்.

தலைப்பைத் தமிழில் வையுங்கள், ஆனால் பக்கத்தின் முகவரியைத் தமிழில் விடாதீர்கள். தமிழ்மேல் உள்ள ஆசையால் நானும் முதலில் விட்டவன்தான். முகவரியில் ஒவ்வொரு தமிழ்க் குறியும் சதவீதக் குறிகளோடு 9 இடத்தைப் பிடிக்கிறது. வேர்ட்பிரஸ் முகவரித் துண்டுக்கு ஒதுக்கியிருப்பது 200 இடம். 22 குறியோடு வெட்டிவிடும். ‘ராமநாதபுரம்’ என்ற ஒரு சொல்லே 11 குறி, 99 இடம். ‘பருவத் தேர்வு கால அட்டவணை’ என்று தொடங்குகிற எல்லா அறிவிப்பும் வெட்டப்பட்டு ஒரே முகவரியாகி, வால் மட்டும் 2, 3 என்று நிற்கும். எது எந்த வருடத்தது என்று யாருக்கும் தெரியாது. சிறிய ஆங்கிலத் துண்டில் பொருளும் வருடமும் போட்டுவிடுங்கள்.

பிடிஎஃப் ஏறாததற்குக் காரணம் பெரும்பாலும் அளவு. மீடியாவில் புதிதாக ஏற்றுகிற பக்கத்தின் அடியில் அதிகபட்ச அளவு எழுதியிருக்கும், அதைப் பாருங்கள். பிஹெச்பி இயல்பில் 2 எம்பிதான் விடும், ஹோஸ்டிங்காரர் கூட்டியிருக்கலாம். கூட்டச் சொல்வதற்கு முன் கோப்பைக் குறையுங்கள். ஏ4 தாளைக் கலரில் 300 டிபிஐயில் ஸ்கேன் செய்தால், சுருக்குவதற்கு முன் பக்கத்துக்கு 26 எம்பி வரும். அதையே கறுப்பு வெள்ளைச் சாயலில் 150இல் எடுத்தால் பன்னிரண்டில் ஒரு பங்கு. வேர்டிலிருந்து நேராகப் பிடிஎஃப் எடுத்தால் அதைவிடச் சின்னது. பார்வையற்ற மாணவரின் திரை வாசிப்பானும் படிக்கும். ஸ்கேன் செய்த தாள் அதற்கு வெறும் படம்.

லிங்க் விஷயத்தில் மட்டும் நான் கண்டிப்பானவன். கல்லூரிகளுக்குத் தர மதிப்பீடு செய்கிற நாக் அமைப்புக்கு வருடா வருடம் அனுப்புகிற ஏக்யூஏஆர் என்ற தர அறிக்கையில் உங்கள் தளத்தின் நூற்றுக்கணக்கான முகவரிகள் ஆதாரமாகப் போயிருக்கும். தளத்தை அழகுபடுத்துகிறேன் என்று யாராவது ஃபோல்டரை மாற்றினால், மதிப்பீட்டுக் குழு திறக்கும்போது அத்தனையும் செத்திருக்கும். மீடியா கோப்புகளை வேர்ட்பிரஸ் வருடம், மாதம் என்று பிரித்து வைக்கிறது. பழைய கோப்பை அழித்துவிட்டு இன்று திரும்ப ஏற்றினால் முகவரி மாறிவிடும். தேர்வு அறிவிப்புக்கு நான் சொன்னது வேறு, இது வேறு: அறிவிப்பு நாளைக்கு மாறும், ஆவணம் மாறக் கூடாது. கல்லூரியின் உள்தர உறுதிக் குழுவான ஐக்யூஏசியின் பக்கத்துக் கோப்புகளில் கை வைக்கும் முன் ஒருங்கிணைப்பாளரிடம் கேளுங்கள். முகவரியை மாற்றியே தீர வேண்டும் என்றால் பழைய முகவரியிலிருந்து புதியதற்கு 301 என்ற நிரந்தரத் திருப்பம் போடுங்கள்.

ஒரே அட்மின் பாஸ்வேர்டை எல்லாத் துறைக்கும் கொடுத்திருந்தால் இன்றே நிறுத்துங்கள். துறைக்கு ஒரு கணக்கு போதும். ஆத்தர் என்ற நிலை தன் செய்திகளை எழுதி, படம் ஏற்றி, வெளியிட விடும். ஆனால் நிலையான பக்கங்களைத் திருத்த விடாது, அதற்கு எடிட்டர் நிலை வேண்டும். கான்ட்ரிபியூட்டருக்குக் கோப்பு ஏற்றவே அனுமதி இல்லை. ‘எனக்கு அந்தப் பட்டனே வரல மேடம்’ என்று ஹெச்ஓடி யாராவது சொன்னால் காரணம் அதுவாகத்தான் இருக்கும்.

பேக்கப் பற்றி நம் ஊருக்கென்று ஒரு வார்த்தை. அதே ஹோஸ்டிங்கில் இருக்கிற பேக்கப்பை நம்பாதீர்கள். ஹோஸ்டிங் போனால் அதுவும் போகும். லேபில் இருக்கிற ஹார்ட் டிஸ்க்கை மட்டும் நம்பவும் கூடாது. உப்புக் காற்று இங்கே எதையும் விட்டுவைப்பதில்லை, யூஎஸ்பி முனையில் பச்சை பூத்துக் கிடந்ததை நானே துடைத்திருக்கிறேன். 2024 நவம்பர் 20 அன்று ராமேஸ்வரத்தில் ஒரே நாளில் 40 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டியது உங்களுக்கு நினைவிருக்கும். தரைத்தளத்தில் இருக்கும் எந்தக் கம்ப்யூட்டரும் அப்படி ஒரு நாளில் பத்திரமில்லை. வாரம் ஒரு பிரதி ஊருக்கு வெளியே, ஏதாவது ஒரு க்ளவுடில் இருக்கட்டும். கோப்புகள் மட்டும் போதாது, டேட்டாபேஸும் சேர்ந்து இருக்க வேண்டும், எழுத்து முழுக்க அங்கேதான் இருக்கிறது. ஐப்பசி பிறக்கும் முன் ஒருமுறை அதை எடுத்து ஒரு சோதனைத் தளத்தில் விரித்துப் பாருங்கள். விரியாத பேக்கப் எத்தனையோ பார்த்துவிட்டேன்.

பிளக்இன் அப்டேட்டுகளை அந்தப் பிரதி கையில் வந்த பிறகு ஒவ்வொன்றாகச் செய்யுங்கள். ரிசல்ட் வருகிற நாளிலும் அட்மிஷன் வாரத்திலும் எதையும் தொட வேண்டாம்.

நாளைக்குக் காலையில் அட்மின் மின்னஞ்சலை மாற்றி, பேக்கப் எடுத்து, பாஸ்வேர்டுகளை மாற்றிவிடுங்கள். பிறகு சேமிக்க மறுக்கிற பக்கம் ஒன்றைத் திறந்து அப்டேட் கொடுத்து, சரியாக எத்தனை மணி எத்தனை நிமிடம் என்று குறித்துக்கொள்ளுங்கள். ஹோஸ்டிங்காரரிடம் அந்த நிமிடத்தின் பிழைப் பதிவைக் கேட்டு வாங்கி, பாஸ்வேர்டு எதுவும் அதில் இல்லாதபடி பார்த்துக்கொண்டு, கடைசி இருபது வரியை எனக்கு அனுப்புங்கள். எந்த வாசலில் நிற்கிறது என்று அதில் எழுதியிருக்கும், பார்த்துச் சொல்கிறேன்.